கிறிகோரிக்கு ஒரு பூசை

"சகோதரர்கள்?" என்று கேட்டுவிட்டு சவப்பெட்டிக் கடைக்காரர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தபடி காத்திருந்தார்.

சுஜானி அதை மொழிபெயர்க்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் அவர், மறு பக்கம் அவளும் அம்மா அற்புதமலரும். மூன்று மணி நேரத்துக்கு முன்னர் இறந்துபோன அப்பா வலன்ரைன், அவசரமாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு அடுத்த அறைக் கட்டிலில் கிடந்தார். இத்தாலியின் பலெர்மோவில் யாராவது இறந்தால் கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி அடித்து, அவர் இருந்த தெருவிலும் வேலை செய்த தெருவிலும் ஒட்டுவார்கள். அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற மன்னார்க்காரருக்கும் அது உண்டு என்று அந்த மனிதர் வந்தவுடனேயே பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். துயரத்தோடு அறிவிப்பவர்கள் வரிசையில் மனைவியின் பெயர் எழுதியாயிற்று, மகளின் பெயர் எழுதியாயிற்று. இப்போது சகோதரர்கள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவின்ர சகோதரங்களின்ர பேர் கேக்கிறார்."

அம்மா மேசை விரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தைத் தடவி நேராக்கினாள். "அகஸ்ரீனா மாமியின்ர பேரைக் குடு. கத்தானியாவிலை இருக்கிறா எண்டு சொல்லு."

"ஆம்பிளைச் சகோதரங்கள்?"

"சுஜானி."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செத்தவீடுகளில் பழகிய மனிதர். "இறந்துபோனவர்கள் என்றால் வேண்டாம், சினியோரினா," என்றார். "உயிரோடு இருப்பவர்கள்தான் அறிவிப்பார்கள். இறந்தவர்கள் யாருக்கு எதை அறிவிப்பது?"

அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. அகஸ்ரீனா என்று மட்டும் சொன்னாள். அவர் எழுதி முடித்து, அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

தமிழர்களின் மரண அறிவித்தல் அப்படி விட்டுவிடாது. அதில் இறந்தவர்களும் வந்தாக வேண்டும். காலஞ்சென்ற இன்னாரின் மகன், காலஞ்சென்ற இன்னாரின் சகோதரன் என்று மூன்று தலைமுறையைக் கூட்டி நிறுத்தி, யார் யாருடைய ஆள் என்று ஊருக்குக் காட்டிய பிறகுதான் அடக்க நேரம் வரும். அந்த அறிவித்தலை விக்னராஜா மாலையிலேயே எழுதி, போட்டோப் பிரதி எடுத்துக் கட்டாகக் கொண்டுவந்துவிட்டார். பலாரோ சந்தைப் பக்கம் சரக்குத்தூள் கடை வைத்திருப்பவர். ஊர்ப்பட்ட காரியங்கள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறவர்.

"மாவீரர் மரியதாஸின் அன்புச் சகோதரரும்" என்று நடுவில் இருந்தது. ஒரு பெயர்தான்.

சுஜானி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"எல்லாம் சரிதானே பிள்ளை? ஆற்றையன் பேர் விடுபட்டிருக்கோ?" என்று கேட்டார் விக்னராஜா.

"இல்லை அண்ணை. சரி," என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்று காலை அப்பாவைப் பார்த்து வெட்கமாக இல்லையா என்று கேட்டதும் இதே வாய்தான்.

சுஜானிக்குப் பதினேழு வயது. ஒக்டோபர் மாதம் சரித்திர ஆசிரியை வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்கள் குடும்பத்தில் யார் எந்தப் போரில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வீட்டில் கேட்டு, தேடி, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். சுஜானியின் கூட்டாளி சிமோனா மறு கிழமையே கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய அம்மாவின் அப்பா வடக்கே மலைகளில் பார்ட்டிசான் போராளிகளோடு நின்றவர். அப்பாவின் அப்பா பாசிஸ்டுகளின் சட்டை போட்டு அவர்களைத் தேடித் திரிந்தவர். இப்போது ஞாயிறு தோறும் இரண்டு பேரும் ஒரே மேசையில் சீட்டு விளையாடுகிறார்கள் என்றும், ஒருவரை ஒருவர் கள்ளன் என்று ஏசுவது சீட்டுக்காக மட்டும்தான் என்றும் சிமோனா வாசித்தபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னால் ஆட்கள் சிரிக்கவும் செய்வார்கள் என்பது சுஜானிக்குப் புதினமாக இருந்தது.

அவள் அப்பாவிடம் கேட்டாள். "அதுதான் படம் இருக்கே," என்றார் அப்பா. கூடத்துச் சுவரில் மரியதாஸ் சித்தப்பாவின் படம் இருந்தது. இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் இறந்தவர். ஒவ்வொரு நவம்பர் மாதக் கடைசியிலும் மாவீரர் நாளுக்காக விக்னராஜா வந்து அந்தப் படத்தைக் கொண்டுபோவார், மண்டபத்தில் மற்றப் படங்களோடு வைத்து மாலை போட்டு, திருப்பிக் கொண்டுவந்து கொழுவுவார்.

மிச்சத்தை ஜெர்மனியில் இருந்த இராஜதுரை மாமா சொன்னார். அப்பாவோடு படித்தவர், வாயைக் கட்டிவைக்கத் தெரியாத மனிதர், அதுவும் தொலைபேசிக் காசு மற்றவருடையது என்றால் கேட்கவே வேண்டாம். "உங்கட வீட்டிலை ரெண்டு பேரெல்லோ போனவங்கள்," என்று தொடங்கினார். மரியதாஸ் ஒரு இயக்கம். கடைசித் தம்பி கிறிகோரி மற்ற இயக்கம். எண்பத்தாறாம் ஆண்டு மரியதாஸின் இயக்கம் கிறிகோரியின் இயக்கத்தைத் தேடித் தேடி அழித்தது. கிறிகோரி கடற்கரையில் ஒரு மீன் வாடிக்குள், மீனவர்களின் ஓலைக் கொட்டிலுக்குள், பதினொரு நாள் ஒளித்திருந்தார், யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள், கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். வயது இருபத்திரண்டு.

சுஜானி நான்கு பக்கம் எழுதினாள். ஆசிரியை பத்துக்கு ஒன்பது போட்டு, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்ற இடத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, ஓரத்தில் "யார்?" என்று எழுதியிருந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சகல ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்று தமிழ்ப் பூசைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டு மரித்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுக்கும். சுவாமி பீடத்தில் நின்று எல்லாவற்றையும் உரத்து வாசிப்பார். வீட்டில் எழுத்து அழகாக இருப்பது சுஜானிக்குத்தான் என்று, மூன்று வருடமாக அந்த உறையை எழுதுவது அவள். இந்த வருடம் மரியதாஸுக்குக் கீழே கிறிகோரியையும் எழுதினாள். இரண்டு சகோதரர்கள், ஒரே உறை, இதில் என்ன பிழை வரப்போகிறது என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், அப்பா சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தாள்.

சுவாமி வாசித்தார். "சந்தியாப்பிள்ளை மரியதாஸ். சந்தியாப்பிள்ளை கிறிகோரி." கோயிலில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இருமல்கள் நின்றன. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. முழந்தாளில் நின்ற அப்பா பூசை முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டில் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், விக்னராஜா வழக்கம்போல மரியதாஸின் படத்தை வாங்க வந்தார். குடியேற்ற அனுமதி எடுக்கிற காலத்தில் அப்பாவோடு பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா வாசலில் விடிய முதல் போய் வரிசையில் நின்றவர், கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமுடியாது. தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "அண்ணை, அந்த ரெண்டாவது பேர் எப்பிடி வந்தது? ஆக்கள் கேக்கினம்," என்றார்.

"அது பிள்ளை தெரியாமல் எழுதிப்போட்டுது," என்றார் அப்பா. "எங்கட வீட்டிலை அப்பிடி ஒருத்தர் இல்லை."

குசினியில் நின்ற சுஜானிக்கு அது கேட்டது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, ஒரேத்தோவில் ஒரு கிழட்டு அவ்வொக்காத்தோவை, பழைய வக்கீல் ஒருவரை, குளிப்பாட்டி உடுத்துகிற வேலைக்குப் போக அப்பா கதவடியில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்றாள்.

"சொந்தத் தம்பியை இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையோ அப்பா?"

அவர் நிமிரவில்லை.

"ஆர் அவரைக் காட்டிக் குடுத்தது? அதாவது உங்களுக்குத் தெரியுமோ?"

சப்பாத்துக் கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எழுந்தார். "கதவைப் பூட்டு பிள்ளை, குளிருது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பதினொரு மணிக்கு நெஞ்சு இறுக்குது என்று திரும்பி வந்து படுத்தவர், அம்மா இஞ்சி இடித்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். சுஜானி பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

இப்போது அவளுக்கு வேறு ஒன்றும் தெரியவேண்டியிருக்கவில்லை. எந்த இயக்கம், எந்த ஆண்டு, எந்தக் கடற்கரை எல்லாம் தெரியும். அப்பா தன்னோடு கோபமாகத்தான் போனாரா என்பது மட்டும் தெரியவேண்டும். அதைத் தொலைபேசி எடுத்துக் கேட்க ஜெர்மனியில் ஆள் இல்லை.

அகஸ்ரீனா மாமி அன்று பின்னேர ரயிலில் கத்தானியாவிலிருந்து வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே தங்கச்சி. வந்ததும் அழுதார், பிறகு தலையை முடிந்துகொண்டு வேலைகளைப் பார்த்தார். மறுநாள் காலை பத்து மணியளவில் கீழ்மாடி இத்தாலியப் பெண் ஒரு பெரிய பானையில் சூப்பும் பாணும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது அவர்களுக்கும் வழக்கம். மாமி அதைக் கோப்பைகளில் ஊற்றினார். கூடத்தில் செபமாலை நடந்துகொண்டிருந்தது.

"குடி பிள்ளை. நேற்றும் சாப்பிடேல்லையாம்."

"மாமி, நான் நேற்றுக் காலமை அப்பாவை ஒண்டு கேட்டுப்போட்டன்," என்றாள் சுஜானி. கேட்டதைச் சொன்னாள். இரண்டு கேள்வியையும் சொன்னாள்.

மாமி அகப்பையைப் பானைக்குள் விட்டார். எழுந்து போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"அவன் ஒளிச்சிருந்த வாடி மூண்டு பேருக்குத்தான் தெரியும். சோறு கொண்டுபோறது நான். எங்கட அம்மாவுக்குத் தெரியும். உன்ர கொப்பருக்குத் தெரியும்."

சுஜானி அவரைப் பார்த்தாள்.

"மரியதாஸ் வந்தவன். 'அண்ணை, வேறை ஆக்கள் கண்டால் சுட்டுப்போடுவாங்கள், எனக்குச் சொல்லு, நான் பெரியாக்களோடை கதைச்சு அவனை எடுத்து விடுறன்' எண்டு கொப்பற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவன். தம்பிதானே கேக்கிறான் எண்டு அண்ணை சொல்லிப்போட்டார்."

"மரியதாஸ் சித்தப்பா பொய்யோ சொன்னவர்?"

"ஆருக்குத் தெரியும். அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினாங்களோ. அதுக்குப் பிறகு அவன் வீட்டுப் படி மிதிக்கேல்லை. அடுத்த வருசம் அவனும் இல்லை." மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "கொப்பர் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. கொம்மாவுக்கு மட்டும் தெரியும். நீ வெக்கமில்லையோ எண்டு கேட்டியோ? அவர் இத்தனை வருசமா அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்."

சுஜானிக்கு அழுகை வரவில்லை. "யார்?" என்ற அந்தச் சிவப்பு எழுத்துத்தான் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கேள்வியை, உலகத்தில் அதைக் கேட்கக்கூடாத ஒரே மனிதரிடம், அவர் இருந்த கடைசி நாளில், முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். கேட்டதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இல்லை. சூப்புக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டி மூடுவதாக இருந்தது. இரண்டரை மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள், ஆண்கள் அறிவித்தலை நாலாக மடித்துச் சட்டைப் பைகளில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அம்மா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். விக்னராஜா மலர்வளையம் எடுக்க ஆட்களோடு போயிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு இத்தாலியக் கிழவி வந்து நின்றார். குள்ளம், கறுப்புக் கோட்டு, மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சுஜானி எழுந்து வாசலுக்குப் போனாள்.

"வலன்ரீனோவின் மகளா?" என்று அவர் கேட்டார். தன் பெயர் நுன்ஸியா என்றும், ஒரேத்தோவில் அவ்வொக்காத்தோ வீட்டுக்கு முன்னால் இருக்கிற கோயிலில் பீடத் துணிகள் தோய்த்து மெழுகுதிரிகள் பார்ப்பது தான்தான் என்றும் சொன்னார். காலையில் கோயில் சுவரில் சுவரொட்டியைக் கண்டாராம். "ஏழு மணிப் பூசைக்கு உன் அப்பா வேலைக்கு முன்னால் வந்து கடைசி வாங்கில் இருப்பார். உனக்குத் தெரியும்தானே?"

சுஜானிக்குத் தெரியாது. பேருந்து பிந்தும் என்றுதான் அப்பா ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறார் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"வருடத்தில் ஒரு தடவை, மே மாதத்தில், கிரெகோரியோவுக்காக ஒரு பூசை கேட்பார். ஐந்து வருடமாகக் கேட்கிறார். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் வேண்டாம், கிரெகோரியோ போதும், கடவுளுக்குத் தெரியும் என்பார். நானும் அப்படியே எழுதுவேன். இறந்துபோன மகனாக்கும் என்று நினைத்திருந்தேன்."

"அப்பாவின் தம்பி," என்றாள் சுஜானி.

"ஆமாம், நேற்றுச் சொன்னார்."

"நேற்றா?"

"நேற்றுக் காலை. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்றிஸ்திக்கு வந்தார். முகம் சரியில்லை, உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. இன்னொரு பூசை வேண்டும் என்றார், ஞாயிறு பத்து மணிப் பூசை, சனம் நிறைய வருகிற பூசை. இந்தத் தடவை குடும்பப் பெயரோடு வாசிக்கவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். 'என் மகள் எழுதிவிட்டாள், இனி நான் எழுதாமல் இருப்பது சரியில்லை' என்றார்." கிழவி கைப்பையைத் திறந்து, ஒரு மருந்துச் சீட்டை எடுத்துத் திருப்பினார். "அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவளுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றார்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை பொறுத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவர் கோபமாகப் போகவில்லை என்பது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை, முன்னைவிட அதிகமாக நொந்தது.

"பூசை இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன்," என்றார் கிழவி. "ஆனால் இந்தப் பெயரை எப்படிச் சொல்வது? எங்கள் பாதிரியாருக்கு வெளிநாட்டுப் பெயர்கள் வராது. பிழையாக வாசித்துவிட்டால் உன் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீ சொல்லித் தா, நான் அவருக்குப் பாடமாக்கிவிடுகிறேன்."

சீட்டின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. பெரிய இத்தாலிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல எழுதியிருந்தார். முதல் பெயர், குடும்பப் பெயர்.

அவளுக்குப் பின்னால் கூடம் முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். கிழவியின் காதுக்குள் மெதுவாகச் சொல்லலாம். வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம். படிக்கட்டில் ஏற்கெனவே ஆட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. "வளையத்தைச் சரிக்காதை, பூ கொட்டும்," என்று விக்னராஜாவின் குரல் இரண்டாம் மாடியில் கேட்டது.

"கிறிகோரி சந்தியாப்பிள்ளை," என்றாள் சுஜானி.

கூடத்தில் செபமாலை சொன்னவர்களின் குரல் தடுமாறியது. மாமி குசினி வாசலுக்கு வந்து நின்றார். அம்மா தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இன்னொரு தடவை, பிள்ளை. உரத்து."

"சந்தியாப்பிள்ளை. கிறிகோரி சந்தியாப்பிள்ளை."

கிழவி உதட்டை அசைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். உள்ளே வந்து பெட்டியடியில் நின்று சிலுவை போட்டார், அம்மாவின் கன்னத்தைத் தொட்டார், அதிகம் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியபோது, மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு படிக்கும் ஒரு எழுத்தாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார்.

மேலே ஏறி வந்தவர்கள் நின்றார்கள். படிக்கட்டு ஒடுக்கம். விக்னராஜாவும் மற்றவர்களும் மலர்வளையத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, கிழவிக்கு வழி விட்டார்கள்.